எண்ணெய்க் கிணற்றை அடைத்த பிறகு: கடற்கரையை மீட்கும் வேலையை அரசுகள் எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன?

2010 ஏப்ரல் 20 இரவு, அமெரிக்கக் கரையை ஒட்டிய மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற துளையிடும் மேடை வெடித்தது. 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் இருந்த மகோண்டோ கிணற்றிலிருந்து எண்ணெய் பீறிட்டுக்கொண்டே இருந்தது. ஜூலை 15 அன்றுதான் கிணற்றின் வாயை அடைக்க முடிந்தது. 87 நாட்கள். நீதிமன்றம் பின்னாளில் ஏற்றுக்கொண்ட கணக்குப்படி, கடலில் கலந்த எண்ணெய் 31.9 லட்சம் பீப்பாய். ஒரு பீப்பாய்க்கு 159 லிட்டர் என்று பெருக்கினால் 50 கோடி லிட்டரைத் தாண்டுகிறது.

கிணறு அடைபட்ட செய்தி உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் நடந்த வேலை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. ஆனால் அந்த 87 நாட்களைவிட நீளமான, சிக்கலான கதை அதற்குப் பிறகுதான் இருக்கிறது. செத்துப்போன சதுப்பு நிலத்தை, சிப்பிப் படுகையை, பறவைகள் கூடு கட்டும் தீவை யார் மீட்பது, யார் காசில் மீட்பது, எதை முதலில் செய்வது, அதை யார் முடிவு செய்வது? ஓர் அரசாங்கம் மட்டும் இருந்தாலே இது கடினம். வளைகுடாவில் ஒரு மத்திய அரசு, அதன் கீழ் பல துறைகள், ஐந்து மாநிலங்கள், நூற்றுக்கணக்கான உள்ளாட்சிகள். இவை எல்லாம் ஒரே கடற்கரையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன.

துப்புரவு வேறு, மீட்டெடுப்பு வேறு

எண்ணெய் கசிந்த உடனே செய்வது துப்புரவு. மிதவைத் தடுப்புகளைப் போடுவார்கள், மிதக்கும் எண்ணெயை உறிஞ்சி எடுப்பார்கள், சில இடங்களில் எரிப்பார்கள், எண்ணெயைச் சிதறடிக்கும் ரசாயனத்தைத் தெளிப்பார்கள். வளைகுடாவில் அந்த ரசாயனம் மட்டுமே சுமார் 70 லட்சம் லிட்டர் செலவானது. இந்தக் கட்டத்தில் கட்டளை ஒரு கையில் இருக்க வேண்டும், இருந்தது. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் அட்மிரல் தாட் ஆலன் நாட்டளவில் பொறுப்பேற்றிருந்தார்.

மீட்டெடுப்பு என்பது அந்த இடம் மறுபடியும் உயிர் வாழ்வது. புல் வேர் பிடிக்க வேண்டும், சிப்பிக் குஞ்சு ஒட்ட ஓடு வேண்டும், ஆமைக்கு முட்டையிட மணல் வேண்டும். இதற்கு ஆண்டுகள் ஆகும். சில நேரங்களில் ஒரு தலைமுறை ஆகும்.

நமக்கும் இந்த வேறுபாடு புதிதல்ல. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது வாளிகளால் எண்ணெயை அள்ளிய காட்சியைப் பார்த்தோம். 2023 டிசம்பரில் கொசஸ்தலை ஆற்றங்கரை அலையாத்தி மரங்களில் எண்ணெய் படிந்து கறுத்ததையும் பார்த்தோம். வாளிகளை எடுத்து வைத்த பிறகு அந்த மரங்களுக்கும் நண்டுகளுக்கும் என்ன ஆனது, அதைப் பார்க்க வேண்டியது யார்? மீட்டெடுப்பு அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

இரண்டையும் குழப்பிக்கொண்டால் பணம் வீணாகும். லூசியானா மாநிலத்தின் அப்போதைய ஆளுநர் பாபி ஜிண்டால், எண்ணெயைத் தடுக்கக் கடலில் மணல் திட்டுகள் எழுப்பியே ஆக வேண்டும் என்று நின்றார். வல்லுநர்கள் பலர் வேண்டாம் என்றும் அவர் கேட்கவில்லை. கசிந்த கிணற்றுக்குப் பொறுப்பான பிபி எண்ணெய் நிறுவனம் 36 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அந்தத் திட்டுகளில் சிக்கிய எண்ணெய் மிகச் சொற்பம் என்று அதிபர் நியமித்த விசாரணைக் குழு 2011 ஜனவரியில் எழுதியது. ஏதோ செய்கிறோம் என்று காட்ட வேண்டிய நெருக்கடி எந்த அரசுக்கும் வரும். அந்த நெருக்கடியில் எடுக்கும் முடிவுகளையும் நீண்டகாலத் திட்டத்தையும் தனித்தனியாக வைத்திருப்பதுதான் ஒருங்கிணைப்பின் முதல் வேலை என்று நான் நினைக்கிறேன்.

எந்த நிலைக்கு மீட்பது?

வளைகுடாக் கடற்கரை 2010க்கு முன்பே நோயில் இருந்தது. 1927இல் மிசிசிப்பி ஆற்றில் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு ஆற்றின் இரு கரையிலும் உறுதியான அணைகரைகள் எழுப்பினார்கள். வெள்ளம் ஊருக்குள் வரவில்லை. ஆனால் வெள்ளத்தோடு வந்து சதுப்பு நிலத்தில் படியும் வண்டலும் வரவில்லை. போதாததற்கு எண்ணெய் நிறுவனங்கள் சதுப்புக்குள் கால்வாய்கள் வெட்டின. அவற்றின் வழியே உப்பு நீர் உள்ளே ஏறியது. வண்டல் கிடைக்காத நிலம் மெல்ல அமிழ்ந்தது. 1930களிலிருந்து லூசியானா மட்டும் இழந்த நிலம் சுமார் 5,000 சதுர கிலோமீட்டர். இன்னொரு பக்கம், நாட்டின் நடுப்பகுதி வயல்களிலிருந்து ஆறு அடித்துக்கொண்டு வரும் உரச்சத்தால் ஒவ்வொரு கோடையிலும் கடலடியில் ஆக்சிஜன் மிகக் குறைந்த ஒரு பெரும்பரப்பு உண்டாகிறது.

இந்த உடம்பின் மேல்தான் எண்ணெய் வந்து விழுந்தது. சதுப்பின் ஓரத்தில் வளரும் கோரைப்புல்லை எண்ணெய் மூடினால் தண்டு சாகும், பிறகு வேர் சாகும். வேர் பிடித்து வைத்திருந்த மண்ணை அலை கொண்டு போய்விடும். அதனால் 2010 ஏப்ரல் 19 அன்று இருந்த நிலைக்குத் திருப்பினால் போதும் என்று சொன்னால், ஏற்கெனவே கரைந்துகொண்டிருந்த கரையில் புல் நடுவதாக ஆகும்.

அதிபர் ஒபாமா 2010 ஜூனில் கடற்படைச் செயலர் ரே மேபஸிடம் நீண்டகாலத் திட்டம் ஒன்றைத் தயாரிக்கச் சொன்னார். மேபஸ் மிசிசிப்பி மாநிலத்தின் முன்னாள் ஆளுநர், அந்தக் கரையோரம் அவருக்குப் பழக்கமானது. செப்டம்பரில் அவர் அறிக்கை வந்தது. அக்டோபர் 5 அன்று ஓர் அதிபர் ஆணையின் மூலம் வளைகுடாக் கடற்கரைச் சூழல் மீட்புப் பணிக்குழு பிறந்தது. தலைவராக வந்தவர் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர் லிசா ஜாக்சன், நியூ ஆர்லியன்ஸில் வளர்ந்தவர். துணைத் தலைவர் பொறுப்பு லூசியானாவின் கேரட் கிரேவ்ஸுக்குப் போனது. டெக்சஸ், லூசியானா, மிசிசிப்பி, அலபாமா, ஃபுளோரிடா ஆகிய ஐந்து மாநிலங்களும் மத்தியத் துறைகளும் உள்ளே.

இந்தக் குழுவிடம் செலவழிக்கக் காசு கிடையாது. யாரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரமும் கிடையாது. பிறகு எதற்கு என்று கேட்கலாம். 2011 டிசம்பரில் அது வெளியிட்ட திட்டம் நான்கு இலக்குகளை ஒத்துக்கொண்டது: வாழிடங்களை மீட்பது, நீரின் தரத்தை மீட்பது, கடல்வாழ் உயிர்களைப் பெருக்கிக் காப்பது, கரையோர மக்கள் அடுத்த பேரிடரைத் தாங்கும்படி செய்வது. கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் வளைகுடாவின் நோய் எண்ணெயோடு தொடங்கவில்லை என்பதையும், வண்டலையும் உரச்சத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பதையும் ஐந்து மாநிலங்களும் மத்திய அரசும் ஒரே தாளில் ஒப்புக்கொண்டன. பணம் வருவதற்கு முன்னால் இலக்கில் உடன்படுவது எளிது. பணம் வந்த பிறகு ஒவ்வொருவரும் தங்கள் பட்டியலோடுதான் வந்து உட்காருவார்கள்.

காசு எங்கிருந்து, எந்த வழியாக?

புதிதாகப் படிப்பவர்களுக்கு இந்தப் பகுதிதான் தலையைச் சுற்றவைக்கும். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் தரைதட்டி எண்ணெய் கொட்டியது. அதன் விளைவாக 1990இல் எண்ணெய் மாசுச் சட்டம் வந்தது. கசிவுக்குப் பொறுப்பானவர் துப்புரவுச் செலவைத் தருவதோடு, இயற்கைக்கு நேர்ந்த இழப்பையும் ஈடுகட்ட வேண்டும் என்பது அதன் சாரம். இயற்கை பேச முடியாது, வழக்குப் போட முடியாது. அதனால் மக்கள் சார்பில் மத்தியத் துறைகளும் மாநிலங்களும் அறங்காவலர்களாக இருந்து இழப்பைக் கணக்கிட்டு ஈடு கேட்கின்றன. அந்தக் கணக்கைப் போடும் செலவும் கசியவிட்டவர் தலையில்தான். மீட்புக்கான காசு வரும் முதல் பை இது.

இரண்டாவது, நீர்த் தூய்மைச் சட்டத்தின் கீழான அபராதம். ஒரு பீப்பாய்க்கு இவ்வளவு என்று கணக்கு: சாதாரணமாக 1,100 டாலர் வரை, மிகக் கடுமையான அலட்சியம் என்று நிரூபணமானால் 4,300 டாலர் வரை. எத்தனை பீப்பாய் கசிந்தது என்பதில் ஏன் ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள் என்பது இப்போது புரியும். 2014 செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸ் நீதிபதி கார்ல் பார்பியர், பிபியின் அலட்சியம் கடுமையானது என்றே தீர்ப்பளித்தார்.

இந்த அபராதம் வழக்கமாக எங்கே போகும்? பெரும்பகுதி வளைகுடாவுக்கு வராது. கசிவுகளுக்கான தேசிய நிதியில் சேரும். பிறகு எங்கோ நடக்கும் அடுத்த கசிவுக்குப் பயன்படும். அடிபட்ட கரைக்கு அதில் தனி உரிமை இல்லை. இந்த வழியைத் திருப்ப வேண்டும் என்று மேபஸ் அறிக்கை கேட்டது, பணிக்குழுவும் கேட்டது. 2012 ஜூலை 6 அன்று ஒபாமா கையெழுத்திட்ட ரெஸ்டோர் சட்டம் அதைச் செய்தது. இந்தக் கசிவுக்கான அபராதத்தில் 80 சதவீதம் வளைகுடாவுக்கே போகும் என்று எழுதிவைத்தது.

முழுக் கதையிலும் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. காரணம் அது எடுக்கப்பட்ட நேரம். அபராதம் எவ்வளவு என்று அப்போது யாருக்கும் தெரியாது, வழக்கு நடந்துகொண்டிருந்தது. தொகை தெரிவதற்கு முன்பே பங்கீட்டு விதி எழுதப்பட்டுவிட்டது. தொகை தெரிந்த பிறகு இதே சட்டத்தைக் கொண்டுவந்திருந்தால் நாட்டின் மற்ற 45 மாநிலங்களும் சும்மா இருந்திருக்குமா?

பங்கீடு இப்படி: 35 சதவீதம் ஐந்து மாநிலங்களுக்கும் சமமாக. 30 சதவீதம் ஒரு கூட்டு மன்றத்தின் கையில், கடற்கரை முழுவதற்குமான பணிகளுக்கு. இன்னொரு 30 சதவீதம் எந்த மாநிலத்தில் எவ்வளவு கரை எண்ணெயில் நனைந்தது போன்ற அளவுகளை வைத்து. மீதி ஐந்து சதவீதம் அறிவியல் ஆய்வுக்கு. அந்தக் கூட்டு மன்றத்தில் ஐந்து ஆளுநர்களும் ஆறு மத்தியத் துறைகளின் தலைவர்களுமாக 11 பேர். பழைய பணிக்குழுவின் வேலையை இதுதான் ஏற்றுக்கொண்டது.

மன்றத்தின் வாக்கு விதியைக் கவனிக்க வேண்டும். ஒரு திட்டத்துக்குப் பணம் ஒதுக்க, மத்திய அரசின் சார்பில் தலைவர் ஆம் என்று சொல்ல வேண்டும். ஐந்து மாநிலங்களில் குறைந்தது மூன்றும் ஆம் என்று சொல்ல வேண்டும். மாநிலங்கள் கூட்டுச் சேர்ந்து மத்திய அரசை ஓரம்கட்ட முடியாது. மத்திய அரசு தன் ஆறு துறைகளை வைத்து மாநிலங்களை அமுக்கவும் முடியாது. ஒருங்கிணைப்பு என்ற பெரிய சொல் நடைமுறையில் இந்த மாதிரி ஒரு விதியில்தான் இருக்கிறது.

மூன்றாவது பை குற்ற வழக்கிலிருந்து வந்தது. பிபியும் மேடையின் உரிமையாளரான டிரான்ஸோஷனும் குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டிய தொகையில் சுமார் 254 கோடி டாலர் தேசிய மீன், வனவுயிர் அறக்கட்டளைக்குப் போனது. அதில் பாதி, கரைக்கு முன்னால் நின்று அலையைத் தாங்கும் லூசியானாவின் தடுப்புத் தீவுகளுக்கும் ஆற்று நீர் திருப்பும் திட்டங்களுக்கும் என்று தீர்ப்பிலேயே சொல்லப்பட்டது.

2016 ஏப்ரலில் பிபியுடனான பெரிய உடன்பாட்டை நீதிமன்றம் ஏற்றது. மொத்தம் 2,080 கோடி டாலர். அதில் இயற்கை இழப்புக்கு 880 கோடி வரை, நீர்த் தூய்மைச் சட்ட அபராதம் 550 கோடி. மீதியில் பெரும்பகுதி மாநிலங்களும் உள்ளாட்சிகளும் சந்தித்த பொருளாதார இழப்புகளுக்கு. ஒரே நாளில் கட்ட வேண்டியதில்லை, 2031 வரை தவணை. பதினைந்து ஆண்டுத் தவணையைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. மீட்பு வேலை அத்தனை காலம் நீடிக்கும் என்பதால், ஆண்டுதோறும் பணம் வருவது ஒரு வகையில் நல்லது என்றே எனக்குப் படுகிறது.

இழப்பை எப்படி எண்ணுவது?

கரையில் ஒதுங்கிய பறவையின் உடல் ஒன்று என்றால், ஒதுங்காமல் கடலிலேயே மூழ்கியவை எத்தனை? சதுப்புக்குள் செத்து யார் கண்ணிலும் படாதவை எத்தனை? இதற்காகவே உடல்கள் எவ்வளவு நேரம் மிதக்கும், எத்தனை கரைக்கு வரும், தேடுபவர் கண்ணில் எத்தனை படும் என்றெல்லாம் தனியாகச் சோதித்துக் கணக்கிட்டார்கள். 2016இல் அறங்காவலர்கள் சொன்ன மதிப்பு: இறந்த பறவைகள் குறைந்தது 51,000 முதல் 84,000 வரை. எண்ணெய் படிந்த கரை சுமார் 2,100 கிலோமீட்டர். இழந்த சிப்பிகள் 400 கோடி முதல் 830 கோடி வரை. லூசியானாவின் பராட்டாரியா விரிகுடாவில் டால்பின்களுக்கு நுரையீரல் நோய் கண்டது. கருவுற்றவற்றைத் தொடர்ந்து கவனித்தபோது ஐந்தில் ஒன்றுதான் பிழைக்கும் குட்டியை ஈன்றது.

ஒவ்வோர் உயிருக்கும் தனி ரசீது போட்டுக்கொண்டே போனால் முடியாது என்று அறங்காவலர்கள் ஒரு கட்டத்தில் முடிவு செய்தார்கள். மொத்தச் சூழலும் அடிபட்டது என்றே எடுத்துக்கொண்டார்கள். அதனால் சதுப்பை மீட்டால் அதை நம்பியிருக்கும் இறாலும் மீனும் பறவையும் சேர்ந்து மீளும் என்ற கணக்கில் பெரும்பணத்தைக் கரையோர வாழிடங்களுக்கு ஒதுக்கினார்கள். 880 கோடியில் சுமார் 500 கோடி லூசியானாவுக்குப் போனதற்கு இதுவே காரணம்.

மக்கள் கடற்கரைக்குப் போக முடியாமல் போனதும் இழப்புதான், அதற்கும் ஈடு உண்டு. இங்கே ஒரு சர்ச்சை வந்தது. அலபாமா அந்தப் பிரிவில் 5.85 கோடி டாலரை எடுத்து ஓர் அரசுப் பூங்காவில் கடற்கரை விடுதியும் மாநாட்டு மையமும் கட்ட ஒதுக்கியது. ஒரு சூழல் அமைப்பு வழக்குப் போட்டது. மாற்று வழிகளைச் சரியாக ஆராயவில்லை என்று 2016இல் நீதிமன்றம் சொன்னது. அப்புறம் ஆய்வைத் திரும்பச் செய்து விடுதியைக் கட்டிவிட்டார்கள். இயற்கை இழப்புக்கு வந்த காசில் விடுதி கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரு தீவு, ஓர் ஆறு

சரி, இதெல்லாம் தரையில் எப்படித் தெரிகிறது? பராட்டாரியா விரிகுடாவில் குவீன் பெஸ் என்ற சிறு தீவு இருக்கிறது. லூசியானாவின் மாநிலப் பறவை பழுப்புக் கூழைக்கடா. பூச்சிக்கொல்லிகளால் 1960களில் அது அந்த மாநிலத்திலிருந்தே அற்றுப்போனது. ஃபுளோரிடாவிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து இந்தத் தீவில்தான் மறுபடி குடியேற்றினார்கள். 2009 நவம்பரில் அழியும் உயிர்களின் பட்டியலிலிருந்து அந்தப் பறவை நீக்கப்பட்டது. சில மாதங்களிலேயே எண்ணெய் வந்தது. அடிபட்ட முதல் கூடுகட்டும் தீவுகளில் குவீன் பெஸ்ஸும் ஒன்று.

அந்தத் தீவு அதற்குள் அமிழ்ந்து கூடு கட்ட ஐந்து ஏக்கர் அளவே மிஞ்சியிருந்தது. அறங்காவலர் நிதியிலிருந்து 1.87 கோடி டாலர் செலவில், மிசிசிப்பி ஆற்று மணலைக் கொண்டுவந்து நிரப்பி 37 ஏக்கராக்கினார்கள். கற்களால் அலைத்தடுப்பு போட்டார்கள், புதர்ச்செடிகள் நட்டார்கள். கூடு கட்டும் பருவம் முடிந்த பிறகு தொடங்கி அடுத்த பருவத்துக்குள் முடித்தாக வேண்டும் என்ற கெடுவில், 2020 பிப்ரவரியில் முடித்தும்விட்டார்கள். அந்த வசந்தத்திலேயே பறவைகள் வந்து கூடு கட்டின. சண்டை போட எதிர்த்தரப்பு இல்லாத திட்டம் இது. அதனால் நன்றாக நடந்தது.

அதே பராட்டாரியாவில் இன்னொரு திட்டம். மிசிசிப்பியின் மேற்குக் கரை அணைகரையில் மதகு அமைத்து, வண்டல் கலந்த ஆற்று நீரைப் பழையபடி சதுப்புக்குள் விடுவது. நோயின் வேருக்கே போகும் மருந்து. 50 ஆண்டுகளில் சுமார் 54 சதுர கிலோமீட்டர் நிலம் உருவாகும் என்று கணித்தார்கள். செலவு சுமார் 300 கோடி டாலர். வடிவமைப்புக்கு அறக்கட்டளைப் பணம், கட்டுமானத்துக்குப் பெரும்பாலும் அறங்காவலர் பணம் என்று பைகள் ஒன்று சேர்ந்தன. 2023 ஆகஸ்டில் வேலை தொடங்கியது.

ஆனால் நன்னீர் உள்ளே வந்தால் சிப்பி சாகும். இறால் இடம் மாறும். எண்ணெயால் நோயுற்ற அதே டால்பின்களுக்கு நன்னீரால் தோல் புண்ணாகும். கடல் பாலூட்டிகளைக் காக்கும் சட்டம் குறுக்கே நின்றதால் 2018இல் நாடாளுமன்றமே விலக்கு கொடுக்க வேண்டியிருந்தது. சிப்பி, இறால் பிடிப்பவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். உள்ளூர் மாவட்ட நிர்வாகம் வழக்குப் போட்டது. புதிய ஆளுநர் ஜெஃப் லேண்ட்ரி மீனவர் வாழ்க்கையையும் ஏறிய செலவையும் காரணம் காட்டினார். 60 கோடி டாலருக்கு மேல் செலவான பிறகு, 2025 ஜூலையில் லூசியானா அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

யார் சொன்னது சரி? நிலம் வேண்டும் என்ற விஞ்ஞானிகளும் சரி, இந்த ஆண்டு அறுவடை வேண்டும் என்ற மீனவர்களும் சரி. நிலமே இல்லாமல் போனால் அடுத்த தலைமுறைக்கு இறாலும் இல்லை என்பதால், எனக்கு அந்த மதகு திறந்திருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது. ஆனால் தோற்றதற்கான பழியை மீனவர்கள் மேல் போட மாட்டேன். பணத்தைப் பங்கிடும் மன்றத்தின் 11 இருக்கைகளில் அவர்களுக்கு ஒன்றுகூட இல்லை. அறங்காவலர்களும் எல்லாம் அரசுத் துறைகளே. கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தன, ஆனால் அங்கே பேச மட்டும்தான் முடியும். அலாஸ்கா கசிவுக்குப் பிறகு வந்த 1990 சட்டம், அந்தக் கடற்கரைக்கு நிலையான குடிமக்கள் மன்றம் ஒன்றையே ஏற்படுத்தி, எண்ணெய்த் தொழிலே அதற்குப் பணம் தரவும் வைத்தது. மீனவர்களும் பழங்குடிகளும் அதில் இன்றும் உட்கார்ந்திருக்கிறார்கள். வளைகுடாவுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று 2011 விசாரணைக் குழு பரிந்துரைத்தும் அந்த அளவுக்கு எதுவும் அமையவில்லை.

இப்போது லூசியானா, அதைவிடச் சிறிய மதகும் கடலடி மணலை அள்ளி நிலம் எழுப்புவதும் போதும் என்கிறது. மதகுக்கென ஒதுக்கிய பணத்தை வேறு வேலைக்குத் திருப்ப மற்ற அறங்காவலர்களின் ஒப்புதல் வேண்டும், புதிதாகத் திட்டம் எழுத வேண்டும், மறுபடியும் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். பிபியின் தவணைகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. உடன்பாட்டின்போது தெரியாமல் பின்னால் தெரியவரும் பாதிப்புகளுக்கென்று 880 கோடிக்குள் 70 கோடி டாலர் வரை தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள். அது எதற்குச் செலவாகும் என்பதையும் இதே மேசையில்தான் பேசி முடிவு செய்ய வேண்டும்.